புளோயர் நின்ற பிறகு கேட்கும் பேச்சு

அமெரிக்காவில் கண்காட்சிக்கென்று மாடு வளர்ப்பவர்களின் உலகத்தில் ஒரு புத்திமதி ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். "புரளி பேசாதீர்கள். அடுத்தவன் மாட்டைப் பற்றி வாய் திறக்காதீர்கள். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிள்ளைகளும் நிஜமாகவே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தொழிலின் பழைய கதைகள் தெரிந்தவர்களுக்கு இந்தப் புத்திமதி முழுசாகத் தொண்டைக்குள் இறங்காது. யார் வாயை மூடச் சொல்கிறார்கள், மூடினால் யாருக்கு லாபம் என்ற கேள்வி முள்ளாக நின்றுகொண்டே இருக்கும்.

புரளி பிறக்கும் இடம் தெரிந்ததுதான்: மாடு கழுவும் தளம். கண்காட்சி மாட்டுக்குத் தினமும் குளியல் உண்டு. கழுவி, இரண்டு மோட்டார் வைத்த புளோயரால் காற்றடித்து, முடியை முன்னோக்கிச் சீவிச் சீவி நிமிர்த்துவார்கள். முடி உதிராமல் அடர்ந்து வளர, கோடையில் பகல் முழுக்கக் குளிரூட்டிய அறையில் கட்டிவைப்பவர்களும் உண்டு. புளோயரின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். சட்டென்று மோட்டார் நிற்கும்போது, கத்திக்கொண்டிருந்தவரின் வாக்கியத்தின் பின்பாதி தளம் முழுக்கக் கேட்கும். "...அதோட அப்பன் கேரியர்தானே!" கேரியர் என்றால் வெளியே தெரியாத மரபுக் குறையைச் சுமக்கும் மாடு. எந்தக் கன்று, எந்த அப்பன் என்பதெல்லாம் முன்பாதியோடு போய்விட்டது. கேட்டவர்கள் அவரவர் மனசில் இருக்கும் பெயரைப் போட்டு நிரப்பிக்கொள்வார்கள். மதியத்துக்குள் அது நாலு தொழுவம் தாண்டியிருக்கும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். காயடித்த ஒரு காளைக்கன்றைப் பற்றி இத்தனை பேச்சு எதற்கு? ஆறேழு மாதத்தில் வாங்கி, ஓர் ஆண்டுபோலத் தீனி போட்டு, 1,250 முதல் 1,400 பவுண்டு வரை ஏற்றி, ஒரு பையனோ பெண்ணோ களத்தில் பிடித்து நடத்திக் காட்டிய பிறகு அது பெரும்பாலும் போவது கசாப்புக்கூடத்துக்கு. முதல் பரிசு வாங்கிய மாடும் அங்கேதான் போகும். செத்த மாட்டின் பெயர் கெட்டால் யாருக்கு நஷ்டம்? உயிரோடிருக்கும் அதன் தகப்பனுக்கும் தாய்க்கும்தான், அதாவது அவற்றின் சொந்தக்காரர்களுக்கு. ஒரு சாம்பியன் வந்தால் அதன் அப்பனின் உறைவிந்துக் குச்சிக்கு நாடு முழுக்கக் கிராக்கி. அடுத்த இலையுதிர்கால ஏலத்தில் அதன் தம்பி தங்கைகளுக்கு விலை ஏறும். ஆகவே ஒரு கன்றைக் குறிவைப்பதுபோலத் தெரியும் புரளி உண்மையில் ஒரு பொலிகாளையைக் குறிவைக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் புரளி எப்போது கிளம்பும் என்பதும் புரிந்துவிடும். ஏலம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது கிளம்பும். மறுத்து நிரூபிக்க அவகாசம் இருக்காது.

தொகையைப் பற்றிய பேச்சும் அப்படித்தான். ஹூஸ்டன் கண்காட்சியில் 2022-இல் முதல் பரிசுக் காளை பத்து லட்சம் டாலருக்கு ஏலம் போனது. "ஒரு மாட்டுக்கு மில்லியன் டாலர், அந்தக் குடும்பத்துக்கு இனி ஏழு தலைமுறைக்குக் கவலையில்லை" என்று பேசுவார்கள். வளர்த்த பிள்ளைக்குப் போவதற்கு அங்கே ஓர் உச்சவரம்பு உண்டு. மிச்சம் கல்வி உதவி நிதிக்குப் போகிறது. விதிப்புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். கழுவும் தளத்தில் விதிப்புத்தகம் யார் படிக்கிறார்கள்?

சில சமயம் புரளியைவிட உண்மை விசித்திரமாக இருந்துவிடுவதும் உண்டு. 2010 ஐயோவா மாநிலக் கண்காட்சியில் முதலில் வந்தது 'டாக்' என்ற காளை. 2008-இல் அதே இடத்தில் முதலில் வந்த 'வேட்' என்ற காளையின் குளோன் அது. "போன தடவை ஜெயித்த மாடே திரும்ப வந்திருக்கிறது" என்று யாராவது முணுமுணுத்திருந்தால், ஒரு கணக்கில் அது சரி. உரிமையாளர் தரப்பும் அதை ஒளிக்கவில்லை, விதியும் தடுக்கவில்லை. ஒளிக்காத விஷயத்தில் புரளிக்கு என்ன வேலை? இரண்டு வாரம் விவாதமாக இருந்துவிட்டு அடங்கிவிடும்.

செத்துப் பிறந்த கன்று

அடங்காத புரளி ஒன்று உண்டு. மரபுக் குறை. அந்த உலகத்தில் 'டி.எச்.', 'பி.எச்.ஏ.' என்ற எழுத்துகளை அறியாதவர் இல்லை. டி.எச். கன்று பின்கால் எலும்பு வளராமல், மூட்டுகள் ஒட்டி, வயிற்றில் குடலிறக்கத்தோடு, சில சமயம் மண்டையோடு மூடாமல் பிறக்கும். ஷார்ட்ஹார்ன் இனத்தில் இதன் தடம் அயர்லாந்திலிருந்து வந்த டீர்பார்க் இம்ப்ரூவர் என்ற காளை வரை போகிறது. பி.எச்.ஏ. கன்று நுரையீரல் வளராமல், உடல் முழுக்க நீர் கோத்து, சாதாரணக் கன்றைப்போல ஒன்றரை இரண்டு மடங்கு உப்பியிருக்கும். தாயின் வயிற்றைக் கீறியோ, கன்றைத் துண்டுதுண்டாக அறுத்தோதான் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். தாயும் போய்விடலாம்.

இரண்டுமே ஒடுங்கு மரபணுக் குறைகள். அப்பன், ஆத்தா இரண்டு பேரிடமிருந்தும் கெட்ட பிரதி வந்தால்தான் கன்றில் தெரியும். ஒரு பிரதி மட்டும் இருப்பதுதான் கேரியர். பார்வைக்கு எந்தக் குறையும் இருக்காது. இரண்டு கேரியரைச் சேர்த்தால் நாலில் ஒன்று செத்துப் பிறக்கும், இரண்டு கேரியர், ஒன்று சுத்தம். இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். மந்தையில் இது எப்படித் தெரியும் (அல்லது தெரியாமல் போகும்) என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. நூறு பசு, அதில் பத்து கேரியர், மேலே விட்ட காளையும் கேரியர் என்று வையுங்கள். எதிர்பார்க்கக்கூடிய கெட்ட கன்றுகள் இரண்டரை. நூறு ஈற்றில் வேறு காரணங்களால் சாகும் கன்றுகளே அதைவிட அதிகமாக இருக்கும். மூடி மறைக்க வேண்டும் என்று நினைக்காத ஆள்கூட அதைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவார். மறைக்க நினைத்தவருக்கோ வேலை இன்னும் சுலபம். "சுடு, குழி தோண்டு, வாயைப் பொத்து" என்று அங்கே பண்ணைக்காரர்களுக்குள் ஒரு வழக்கே இருக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. கோணல் கன்று என்றாலே மரபணு என்று சொல்லிவிட முடியாது. மேற்கு மாநிலங்களின் மேய்ச்சல் நிலங்களில் லூப்பின் என்றொரு நீலப் பூச்செடி வளர்கிறது. சினையின் 40-ஆம் நாளிலிருந்து 100-ஆம் நாளுக்குள் பசு அதை நிறைய மேய்ந்தால், கால் மடங்கி, முதுகு வளைந்து கன்று பிறக்கும். பி.வி.டி. என்ற வைரஸ் சினை நடுவில் தாக்கினால் சிறுமூளை சுருங்கிப்போய், நிற்கத் தெரியாமல் தள்ளாடும் கன்று பிறக்கும். தீனியில் மாங்கனீசு குறைந்தாலும் எலும்பு கோணும். அதே காளையின் விந்து பக்கத்துப் பண்ணையில் முந்நூறு நல்ல கன்றைக் கொடுத்திருக்கும்; இங்கே மூன்று கோணல் கன்று விழுந்ததும் "காளை கெட்டது" என்று பேச்சு கிளம்பிவிடும். மேய்ச்சல் நிலத்தில் நீலப் பூ பூத்திருந்ததா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

இங்கேதான் 'புரளி பேசாதே' என்ற புத்திமதி இரண்டாகப் பிளக்கிறது. மூன்று கன்றை வைத்துக்கொண்டு ஒரு காளையின் பெயரைக் கெடுப்பது அநியாயம். மூன்று கன்றைப் புதைத்துவிட்டு அதே காளையின் விந்தை விற்பது அதைவிடப் பெரிய அநியாயம். வாயை மூடுங்கள் என்ற ஒரே மருந்து இரண்டாவது ஆளுக்குத்தான் நன்றாக வேலை செய்யும்.

குள்ளக் கன்றுகளின் காலம்

1940-களிலும் 50-களிலும் ஹெர்ஃபோர்டு, ஆங்கஸ் இரண்டு இனத்திலும் குள்ளக் கன்றுகள் பிறக்கத் தொடங்கின. நெற்றி புடைத்து, கால் குட்டையாகி, வயிறு உப்பி, மூச்சு விடும்போது குறட்டைபோலச் சத்தம் வரும். அதனாலேயே 'ஸ்நார்ட்டர்' என்று பெயர். பெரும்பாலானவை வளர்வதற்குள் செத்துப்போகும். அந்தக் காலத்துக் கண்காட்சிக் களம் விரும்பிய மாடு எப்படிப்பட்டது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். குட்டையாக, கட்டையாக, பிடித்து நிற்கும் ஆளின் இடுப்பு வார் உயரத்துக்கு முதுகு வந்தால் போதும் என்றிருந்த காலம். ஒரு பிரதி மட்டும் இருக்கும் கேரியர் மாடு கொஞ்சம் கூடுதலாகக் கட்டையாக இருந்தது என்றும், நடுவர்கள் தங்களை அறியாமலே கேரியர்களைப் பொறுக்கி முதலிடம் கொடுத்தார்கள் என்றும் அப்போதே மரபியலாளர்கள் சிலர் கருதினார்கள். பரிசு வாங்கிய மாட்டின் வாரிசுதானே நாடெங்கும் போகும்?

அப்போது மரபணுச் சோதனை கிடையாது. ஒரு காளை சுத்தமா என்று அறிய இரண்டு வழிதான் இருந்தன. தெரிந்த கேரியர் பசுக்களோடு சேர்த்து, 16 கன்று வரிசையாக நல்லதாகப் பிறந்தால், சுத்தம் என்று 99 சதவீதம் நம்பலாம். அல்லது காளையை அதன் சொந்தப் பெண்களோடு சேர்க்க வேண்டும். அவற்றில் பாதிதான் கேரியராக இருக்கும் என்பதால், அதே நம்பிக்கைக்கு 35 கன்று வேண்டும். பெண் கன்றுகள் வளர்ந்து ஈனும்வரை நாலைந்து வருடம் காத்திருக்கவும் வேண்டும். யாருக்குப் பொறுமை இருக்கும்? இடைவெளியில் கருவிகள் வந்தன. கலிஃபோர்னியாவில் 'புரொஃபைலோமீட்டர்' என்றொரு சாதனம் செய்தார்கள். காளையின் நெற்றி வளைவை அளந்து தாளில் கோடாகப் பதிக்கும். கோடு புடைத்தால் கேரியராம். கன்றின் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்தும் பார்த்தார்கள். இரண்டுமே ஒரு மாட்டைப் பார்த்து உறுதியாகத் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு நம்பகமாக அமையவில்லை.

ஆக, சோதனை இல்லை, கருவி நம்பகமில்லை, வளர்ப்பாளர்கள் வாய் திறப்பதில்லை. மிஞ்சியது வம்சாவளியும் வாய்ப்பேச்சும். எந்தக் குடும்பத்து ரத்தத்தில் குள்ளம் வருகிறது என்று ஆளாளுக்கு மனசில் ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். அந்தப் பட்டியல் சில இடத்தில் சரி, சில இடத்தில் படுமோசமான தப்பு. ஒரு குறையும் இல்லாத மந்தைகளும், வம்சாவளித் தாளில் நாலாவது தலைமுறையில் ஒரு பெயர் இருந்த பாவத்துக்கு விலை போகாமல் நின்றன. ஆனாலும் யோசித்துப் பாருங்கள், அந்த வாய்ப்பேச்சும் இல்லாமலிருந்தால் வாங்குபவனுக்கு எச்சரிக்கை என்ற ஒன்றே இருந்திருக்காது. மோசமான அளவுகோல்தான். அன்றைக்கு ஊர் கையிலிருந்த ஒரே அளவுகோல் அதுதான்.

2008-இன் இலையுதிர்காலம்

அரை நூற்றாண்டு கழித்து அதே நாடகம் ஆங்கஸ் இனத்தில் திரும்ப அரங்கேறியது. இந்தத் தடவை முடிவு வேறு. ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கு மேல் மாடுகளைப் பதிவு செய்யும் இனம் அது. முதுகு வளைந்து, கால்கள் விறைத்து, தசை வற்றி, சின்ன உடலோடு செத்துப் பிறக்கும் கன்றுகள் பற்றிய தகவல்கள் சேர்ந்தன. 'சுருள் கன்று' என்று பெயர் பரவியது. ஏட்டுப் பெயர் சுருக்கமாக ஏ.எம். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் நோய்க்கூற்று வல்லுநர் டேவிட் ஸ்டெஃபன் கன்றுகளை அறுத்துப் பார்த்தார். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜோனதன் பீவர் மரபணுவைத் தேடினார். வம்சாவளிகள் எல்லாம் ஜி.ஏ.ஆர். பிரிசிஷன் 1680 என்ற காளையில் வந்து கூடின. கெட்ட பெயர் எடுத்த காளையாக இருந்திருந்தால் அதிர்ச்சி இருந்திருக்காது. ஆங்கஸ் இனத்தில் அதிகம் புழங்கிய காளைகளில் ஒன்று அது. அதன் ரத்தம் இல்லாத மந்தையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

செப்டம்பரில் விஷயம் பகிரங்கமானது. இலையுதிர்கால விற்பனைகள் நடந்துகொண்டிருந்த நேரம். சோதனை கைக்கு வருவதற்கு முந்தைய அந்த வாரங்கள்தான் புரளியின் பொற்காலம். வம்சாவளித் தாளில் எங்கேயாவது '1680' இருந்தால் போதும். அதன் பேரன் கேரியராக இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. கொள்ளுப்பேரனுக்கு எட்டில் ஒன்று. வேறு வழியில் வராதவரை கணக்கு அவ்வளவுதான். ஆனால் பயத்துக்குப் பின்னம் போடத் தெரியாது. எட்டில் ஒன்றும் முழுசாகவே எண்ணப்பட்டது.

பிறகு நடந்ததுதான் முக்கியமானது. சில மாதங்களுக்குள் சோதனை வந்துவிட்டது. அமெரிக்கன் ஆங்கஸ் சங்கம் முடிவுகளைப் பூட்டி வைக்காமல் காளை காளையாகப் பெயர் போட்டு வெளியிட்டது: இது கேரியர், இது சுத்தம். புகழ்பெற்ற காளைகள் இரண்டு பட்டியலிலும் இருந்தன. சிலருக்கு அந்தப் பட்டியல் பேரிடிதான், விற்க வைத்திருந்த விந்து பாதி விலைக்கும் போகவில்லை. ஆனால் பட்டியல் வந்த மறுநாளிலிருந்து "அந்தக் காளை கேரியராமே" என்ற வாக்கியத்துக்கு உயிரில்லை. பதிவு எண்ணைத் தட்டினால் பதில் வந்துவிடுகிறது. பதில் கிடைக்கிற கேள்வியை யார் ரகசியமாகப் பேசுவார்கள்? புத்திமதி சாதிக்காததை ஒரு பட்டியல் சாதித்தது.

டி.எச்., பி.எச்.ஏ. விஷயத்திலும் இன்று அதுதான் நிலை. விற்பனைப் பட்டியலில் கேரியர் என்று வெளிப்படையாக அச்சிட்டே விற்கிறார்கள். கேரியர் மாட்டுக்கு எலும்பும் முடியும் நன்றாக அமைகிறது என்று நம்பித் தெரிந்தே வாங்குபவர்களும் இருக்கிறார்கள். சுத்தமான பசுவோடு மட்டும் சேர்த்தால் கெட்ட கன்று பிறக்காது என்ற கணக்கில். அந்த நம்பிக்கை சரியா என்பது வேறு சண்டை. குறைந்தபட்சம் இந்தச் சண்டையைக் கூரைமேல் ஏறி நின்று போடலாம்.

சோதனையை எப்போது செய்வது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முடிவு வர ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். ஏலத்துக்கு நாலு நாள் முன்பு புரளி கேட்டுப் பதறி மாதிரி அனுப்பினால், முடிவு வரும்போது கன்று வேறொருவன் தொழுவத்தில் நிற்கும். பால் மறக்கடிக்கும்போதே எடுத்துவிட வேண்டும். வால் குஞ்சத்திலிருந்து இருபது முப்பது முடியை வேரோடு பிடுங்க வேண்டும். கத்தரித்த முடியில் மரபணு கிடைக்காது. சாணமும் ஈரமும் இருந்தால் முதலில் துடைத்து உலர்த்த வேண்டும். ஒரு கன்றுக்கு ஓர் உறை. காது வில்லை எண்ணை அங்கேயே எழுதிவிட வேண்டும், வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் உறைகள் மாறும். கன்று செத்துப் பிறந்தால் புதைப்பதற்கு முன்னால் காதில் விரல்நகம் அளவு துண்டு வெட்டிக் குளிரில் வைக்க வேண்டும். தாயிடமிருந்து ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுக்க வேண்டும். பக்கவாட்டில், கால்களில், தலையில் படம் எடுத்து, தாயின் காது வில்லை எண்ணும் அதில் தெரியும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். பசு எந்த மாதத்தில் எந்த நிலத்தில் மேய்ந்தது, எப்போது தடுப்பூசி போட்டது என்ற இரண்டு வரிக் குறிப்பும் வேண்டும். இவ்வளவும் அரைமணி நேர வேலை. இது கையில் இல்லாமல் "காளை கெட்டது" என்பவனும் புரளிக்காரன்தான், "காளைக்கு ஒன்றுமில்லை" என்று சாதிப்பவனும் புரளிக்காரன்தான்.

மருந்து, காற்று, ஆள்மாறாட்டம்

களத்தில் முதலில் வந்த மாட்டைப் பற்றி எழும் பேச்சு வேறு ரகம். "ஏதோ போட்டிருக்கிறார்கள்" என்று தொடங்கும். ஆதாரமில்லாத பொறாமை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1994-இல் ஒஹையோ மாநிலக் கண்காட்சியில் பரிசு பெற்ற கால்நடைகளில் பெரிய முறைகேடு வெளிப்பட்டு, அதன் பிறகு மாநிலம் சட்டவிதிகளையே இறுக்க வேண்டியிருந்தது. கிளென்பியூட்டரால் என்ற மருந்து கொழுப்பைக் கரைத்துத் தசையைக் கூட்டும். உணவு மாட்டுக்குக் கொடுப்பது அமெரிக்காவில் சட்டவிரோதம். நிறுத்தினால் சிறுநீரிலிருந்து மறைந்துவிடும், ஆனால் விழித்திரையில் நெடுநாள் தங்கும். அதனால்தான் கசாப்புக்கூடத்தில் கண்ணையும் சோதிக்க முடிகிறது. தோலுக்கடியில் காற்றோ எண்ணெயோ ஏற்றி உடம்பை நிரப்பிக் காட்டும் வேலை தோலை உரித்ததும் தெரிந்துவிடும். அதற்கு முன்பே, காற்றிருந்தால் விரலால் அழுத்தும்போது நொறுநொறுவென்று உணரலாம். ஆனால் காயத்தாலும் நுரையீரல் கோளாறாலும்கூடத் தோலுக்கடியில் காற்று சேரும். ஊசி போட்ட இடத்தில் கட்டி விழுந்தால் உரித்த உடலில் அதுவும் சந்தேகத்தைக் கிளப்பும். மருத்துவர் போட்ட ஊசிக்குத் தேதி, மருந்து, இடம் எழுதி வைத்திருந்தால் அந்தச் சந்தேகம் அத்தோடு முடிந்தது. பதிவு செய்த மாட்டுக்குப் பதில் வேறொன்றைக் கொண்டுவந்தார்கள் என்ற ஆள்மாறாட்டப் புரளிக்கு மூக்கு ரேகையும் முன்கூட்டியே எடுத்த முடி மாதிரியும் பதில். கட்டைவிரல் ரேகையைப்போல மாட்டின் மூக்கு ரேகை மாட்டுக்கு மாடு வேறு.

இவற்றிலெல்லாம் ஒரே சிக்கல், மாதிரி எடுப்பதற்கும் முடிவு வருவதற்கும் நடுவே உள்ள வாரங்கள். மாடு போய்விட்டது, படம் எடுத்தாகிவிட்டது, முடிவு மட்டும் வரவில்லை. முடிவு வரும்வரை பரிசுப் பணத்தை நிறுத்திவைக்கும் கண்காட்சிகள் உண்டு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் "இன்னும் பணம் தரலையாமே, என்னவோ இருக்கு" என்று அதுவே அடுத்த புரளிக்கு விதையாகவும் ஆகிவிடும். முதல் இரண்டு மாடுகளுக்கும் எப்போதும் இப்படித்தான், எத்தனை நாள் ஆகும் என்று தேதியோடு ஏலத்துக்கு முன்பே ஒலிபெருக்கியில் சொல்லிவிடுகிற இடத்தில் அந்த விதை முளைப்பதில்லை. 'மாதிரி சுத்தம்' என்ற முடிவையும் வெற்றியை அறிவித்த அதே சத்தத்தோடு அறிவிக்க வேண்டும். பெரும்பாலும் அது ஒரு மின்னஞ்சலாக உரிமையாளருக்கு மட்டும் போய்ச் சேர்கிறது. ஊருக்குக் குற்றச்சாட்டு மட்டும் தெரியும், விடுதலை தெரியாது.

எந்த மாதிரியும் எடுக்க முடியாத பேச்சு ஒன்று மிச்சமிருக்கிறது. நடுவரைப் பற்றியது. அவர் வேலை பார்த்த பண்ணையின் கன்றுக்கு முதலிடம் கொடுத்தார், அவர் பங்கு வைத்திருக்கும் காளையின் மகனுக்குக் கொடுத்தார் என்பது. இந்த உலகம் சின்னது. நல்ல நடுவர் என்றால் நல்ல மாடு வளர்த்த அனுபவம் உள்ளவர், நல்ல மாடு வளர்த்தவர் என்றால் யாருக்கோ விற்றிருப்பார், யாரிடமோ வாங்கியிருப்பார். தொடர்பே இல்லாத நடுவர் வேண்டுமென்றால் மாடே தெரியாத ஒருவரைத்தான் கூட்டிவர வேண்டும். கடந்த இரண்டு மூன்று ஆண்டில் யாருக்கு விற்றார், எந்தக் காளையில் பங்கு என்று களத்துக்குள் இறங்கும் முன் எழுதி ஒட்டிவிடலாம். அதையும் மீறி, இரண்டு கன்றுகளுக்கு நடுவில் அவர் நின்று, ஒன்றின் முதுகில் கை வைத்துப் பார்த்துவிட்டு, மற்றதன் பக்கம் திரும்பிய அந்த மூன்று விநாடியில் என்ன நினைத்தார் என்பதை எந்த ஆய்வகமும் சொல்லப்போவதில்லை.

இரண்டாவதாக வந்த கன்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வரும் பிள்ளைக்குப் பத்து வயதுகூட இருக்கலாம். களத்தின் வாசலில் பெரியவர்கள் யாரோ அதைத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள், புளோயர் ஓடாத இடத்தில், தேவைக்கும் அதிகமான சத்தத்தில்.